முதற்பிழையைத் தாங்கும் உடல்

'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்று வேடிக்கையாகக் கூறுவதுண்டு. 'ஆயிரம் வேரைக் கொண்டவன்' என்பதே மூல வடிவம் என விளக்கம் தருவோரும் உளர். ஆயினும், பிழையானதாகச் சொல்லப்படும் வடிவமே மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. பழகாத கையின் முதற்பிழையை ஏதேனும் ஓர் உடல் தாங்கியே ஆக வேண்டும் என்ற அச்சம் அதில் ஒலிக்கிறதன்றோ? அந்த உடல் யாருடையது என்பதே நம் கேள்வி.

மயக்கமுற்றவரின் மூச்சுக்குழலில் குழாய் செலுத்தும் பணியை எடுத்துக்கொள்வோம். நாக்கை ஒதுக்கி, குரல் நாண்களைக் கண்டு, அவற்றினூடே குழாயைச் செலுத்த வேண்டும். அது உணவுக்குழலுக்குள் சென்று, அப்பிழை உணரப்படாமற்போனால், சில நிமிடங்களில் மூளை சிதையத் தொடங்கும். 1998இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி மருத்துவர்கள் 90 விழுக்காடு வெற்றியை எட்டுவதற்குச் சராசரியாக 57 முயற்சிகள் தேவைப்பட்டன. ஒவ்வொரு முயற்சியின்போதும் அங்கே ஒரு மனிதர் படுத்திருந்தார்.

இச்சுமையைக் குறைக்கவே பயிற்சிப் பொம்மைகள் வந்தன. நார்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லார்டால், வாயோடு வாய் வைத்து மூச்சளிக்கும் முதலுதவியைக் கற்பிக்க 1960இல் 'ஆன்' என்னும் பொம்மையை உருவாக்கினார். மயக்க மருத்துவம் பயில்வோருக்கென 1960களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் கணினியால் இயங்கும் மாதிரி மனிதன் செய்யப்பட்டான். பலன் இருந்ததா? கனடாவில் அவசர ஊர்திப் பணியாளராகப் பயின்ற 36 மாணவரில் ஒரு பகுதியினர் பொம்மையிடமும், மற்றவர் அறுவை அரங்கில் நோயாளரிடமும் குழாய் செலுத்தப் பழகினர். பின்னர் இரு சாராரும் உண்மை நோயாளரிடம் சோதிக்கப்பட்டபோது, வெற்றியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என 2005இல் அறிவிக்கப்பட்டது. அப்படியாயின், பொம்மை இருக்கும் இடத்தில் முதன்முயற்சியை நோயாளியிடமே தொடங்குவதற்கு நாம் என்ன நியாயம் கூற முடியும்?

ஆயினும் பொம்மைக்கு உமிழ்நீர் ஊறாது, குருதி கசியாது, இருமல் வராது. அதன் பல் உடைந்தால் வேறொன்று பொருத்தலாம். கை கற்றது நோயாளியிடம் வந்து சேர்கிறது. அச்சத்தின் நடுவே மனம் தடுமாறுமா என்பதோ வேறு கேள்வி. அதே 2005இல் இங்கிலாந்தில், சிறிய அறுவைக்காக மயக்கமளிக்கப்பட்ட ஓர் இளம் தாய்க்கு மூச்சுப்பாதை அடைபட்டது. உடனிருந்தோர் அனுபவமிக்க மருத்துவர்களே. அவர்கள் குழாய் செலுத்துவதிலேயே முனைந்து நின்றனர். கழுத்தில் துளையிடும் கருவிகளைச் செவிலியர் கொண்டுவந்தும் அவை பயன்படுத்தப்படவில்லை. 13 நாட்களுக்குப் பின் அவர் இறந்தார். அவருடைய கணவர் மார்ட்டின் ப்ரோமிலி ஒரு விமானி. நெருக்கடிகளை மாதிரி விமான அறையில் பலமுறை ஒத்திகை பார்ப்பது அவரது தொழிலின் வழக்கம். மருத்துவத்திலும் அவ்வழக்கம் வேரூன்ற அவர் உழைத்து வருகிறார்.

இங்கே நாம் ஓர் உண்மையைக் காண்கிறோம். இத்தகைய நெருக்கடி மிக அரிது. எனவே நோயாளரிடம் பழகி இதைக் கற்பது எவருக்கும் இயலாது. ஒத்திகை ஒன்றே வழி. அதிலும் கையோடு மனமும், உடனிருப்போரின் சொல்லைக் கேட்கும் பணிவும் பழக வேண்டும்.

கட்டுவதாலேயே கட்டடக் கலைஞன் உருவாகிறான். நற்செயல்களாலேயே நல்லவன் உருவாகிறான் என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. பழக்கம் கைத்திறனோடு நின்றுவிடுவதில்லை. பொம்மை எதையும் மன்னிக்கும். அதன்முன் அலட்சியம் பழகியவன் அந்த அலட்சியத்தையும் நோயாளியிடம் எடுத்துச் செல்வான்.

எத்தனை ஒத்திகை பார்த்தாலும், முதல் நோயாளி என்று ஒருவர் இருக்கவே செய்வார். அவர் ஏழையென்பதற்காகவோ, கேள்வி கேட்கத் தெரியாதவர் என்பதற்காகவோ தேர்ந்தெடுக்கப்படலாகாது. கற்பவர் ஒருவர் தம்மைத் தொடுவார் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். தேர்ந்தவர் அருகில் நிற்க வேண்டும். அவருக்கு நாம் பட்ட கடனைப் பொம்மை தீர்த்துவிடாது. ஆயத்தமின்றி அவர்முன் சென்று நிற்பதற்கு இருந்த சாக்கை மட்டும் அது அகற்றிவிட்டது.