பாதை இல்லாத இடம் யாருடையது?

தேவைக்கு மேலான ஒரு பொருளை வைத்திருப்பது பிழையா? இந்தக் கேள்வியை நாம் பெரும்பாலும் பிறரைப் பார்த்தே கேட்கிறோம். அடுத்த வீட்டு மேல்மாடியைப் பார்த்துக் கேட்போம், பக்கத்துத் தெருக்காரர் வாங்கிய வாகனத்தைப் பார்த்துக் கேட்போம். சொந்த அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு அதைக் கேட்பவர் அரிது. நானும் ஒரு நண்பரைப் பார்த்துத்தான் இதைக் கேட்கத் தொடங்கினேன். கேள்வி திரும்பி வந்து என்மீதே விழுந்த விதத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நண்பர் எங்கள் பக்கத்து ஊரில் சிறிய கடையொன்று வைத்திருப்பவர். கடைக்கும் வீட்டுக்கும் ஒரு மோட்டார் சைக்கிளே அவருக்குப் போதும். அப்படியிருந்தும் பழைய மிட்சுபிசி ஜீப் ஒன்றை வாங்கினார். நம் நாட்டில் அந்த வகையை அதன் டீசல் இஞ்சினின் பெயரால் ‘4டீஆர்5’ என்றே அழைப்பார்கள். வாங்கிய நாளில் அது ஓடவில்லை, லொறியொன்றில் ஏற்றிக்கொண்டுதான் வந்தார்கள். தட்டிப் பார்த்த இடமெல்லாம் துருப்பிடித்த தகரம் உதிர்ந்தது. ஊரார் ஒரே சொல்லில் தீர்ப்பளித்தனர்: வீண்விரயம். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் என் தீர்ப்பும் அதுவாகவே இருந்தது.

ஜீப் என்ற வாகனம் தேவையிலிருந்து பிறந்தது. 1940 இல் அமெரிக்க இராணுவம் இலேசான, நான்கு சில்லுகளாலும் இழுக்கக்கூடிய வண்டியொன்றைக் கேட்டது. மாதிரி வண்டியைச் செய்து தருவதற்குக் கொடுத்த அவகாசம் 49 நாட்கள். பான்டம் என்ற சிறு நிறுவனம் அதைச் செய்து முடித்தது. பின்னர் வில்லிஸ், போர்ட் ஆகிய இரு நிறுவனங்களும் இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் ஏறத்தாழ 6 இலட்சத்து 40 ஆயிரம் ஜீப்புகளைச் செய்து தள்ளின. போர் முடிந்த பின்னர் பிரித்தானியாவின் ரோவர் நிறுவனத்தைச் சேர்ந்த மோரிஸ் வில்க்ஸ், தன் பண்ணையில் ஓடிய பழைய இராணுவ ஜீப்பைப் பார்த்தே லான்ட்ரோவரை எண்ணினார். அது 1948 இல் வெளிவந்தது. உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவிய காலமாதலால் உடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். ஜப்பானில் மிட்சுபிசி 1953 இல் வில்லிஸின் அனுமதியோடு தொடங்கிய ஜீப் உற்பத்தி 1998 வரை நீடித்தது. போர்க்களத்துக்கும் பண்ணைக்குமாகப் பிறந்த வண்டி நம்மூர்க் கடைக்காரர் ஒருவரின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தோஷமாகிவிட்டது.

இதில் என்ன பிழை? மீன் பிடிக்க உண்டான தூண்டிலைப் பொழுதுபோக்காகப் போடுகிறவன் பாவியா? தேவை முடிந்த இடத்தில்தான் மனிதனின் இரசனை தொடங்குகிறது. கவிதையும் அப்படித்தான். கவிதையின்றி எவரும் பட்டினி கிடந்ததில்லை. தேவை என்ற ஒற்றை அளவுகோலால் ஜீப்பை அளக்கப் புறப்பட்டால், இந்தச் சஞ்சிகையையும் அதே கோலால் அளக்க நேரிடும்.

என் தீர்ப்பு இளகத் தொடங்கியது நண்பரின் வீட்டுக் கொட்டிலில்தான். இரண்டு வருடங்கள் அவர் அந்த வண்டியோடு மல்லுக்கட்டினார். பகலில் கடை, இரவில் கொட்டில். கராஜ் பாஸ் ஒருவர் வாரத்தில் ஒருநாள் வந்து சொல்லிக்கொடுப்பார், மீதி நாட்களில் நண்பரே செய்வார். செசியில் துருவை வெட்டி எறிந்து புதிய இரும்பு ஒட்டினார். வில்தகடுகளை மாற்றி வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தினார். உயர்த்திய பிறகுதான் ஒரு மாற்றம் தனியே வருவதில்லை என்பதைக் கற்றார். உயரம் கூடினால் பாரம் மேலே போய்விடும், வளைவில் வண்டி கவிழப் பார்க்கும். சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் கோணமும் மாறி அதன் மூட்டுகள் விரைவில் தேயும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கேட்கும். இதை நான் பாடசாலையில் எத்தனையோ மாணவருக்கு வார்த்தைகளால் சொல்லியிருக்கிறேன். அவரோ இரும்பில் படித்தார்.

ஒருநாள் வேடிக்கையாகக் கேட்டேன்: “இஞ்சினத் தவிர எல்லாத்தையும் மாத்திட்டீங்க மச்சான், இது நீங்க வாங்கின ஜீப்தானா?”

கிரேக்க நூலாசிரியர் புளூட்டார்க் எழுதிவைத்த பழைய புதிர்தான் இது. தீசியஸின் கப்பலில் உக்கிய பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் நிற்பது அதே கப்பலா? நண்பருக்குப் புளூட்டார்க்கைத் தெரியாது. “வாங்கின நேரம் இது வேறொருத்தர்ர ஜீப், இப்பதான் என்ட” என்றார்.

அந்தப் பதிலில் இன்னொரு தத்துவமும் இருந்தது. 17 ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி ஜோன் லொக், ஒரு பொருளில் தன் உழைப்பைக் கலப்பவன் அதற்கு உரித்தாளியாகிறான் என்று வாதிட்டார். காசு கொடுத்து வாங்குவது ஒரு வகை உரிமை, கையைக் கிழித்துக்கொண்டு திருத்துவது இன்னொரு வகை. இரண்டாவதில் ஓர் அன்பு இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதி கிடைக்கும்வரை, நாடே பழைய வண்டிகளைப் பழுதுபார்த்துத்தான் ஓடியது. எறிவதற்குப் பதிலாகத் திருத்துவதை வீண்விரயம் என்று சொல்ல அதன்பின் எனக்கு நா எழவில்லை.

வண்டி உயிர்பெற்ற பின்னர் என்னையும் ஏற்றிக்கொண்டார். அந்த அனுபவத்தை ஒளிக்காமல் சொல்வதே நேர்மை. கடலோர மணலில் இறங்குமுன் ரயர்களின் காற்றை 30 பீஎஸ்ஐ இலிருந்து 18 வரை இறக்கினார். காற்றுக் குறைந்த ரயர் நீளவாக்கில் பரந்து மணலை மிதிக்கும், புதையாது. பின்பு நான்கு சில்லுகளையும் இணைத்து, குறைந்த கியரில் போட்டார். வேகம் மனிதன் நடக்கும் வேகந்தான். ஆனாலும் மாட்டுவண்டிகூடத் தயங்கும் மேட்டில், ஓர் ஆமையின் பொறுமையோடு அந்த இரும்பு ஏறியதைக் கண்டபோது நாற்பது வயது கடந்த இந்த ஆசிரியர் சின்னப்பிள்ளைபோல் கைதட்டினார். போக முடியாது என்று எண்ணிய இடத்துக்குப் போவதில் ஒரு போதை இருக்கிறது. அதை அனுபவிக்காமல் கண்டிப்பது இலகு. நான் அனுபவித்தேன்.

ஒரு பெரும்போகத்து நவம்பர் மாத ஞாயிறு, மாலை மங்கும் வேளை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. வயல் வட்டைக்குள்ளால் போகும் வண்டிப்பாதை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. “பார்ப்பமா?” என்றார். “பார்ப்பம்” என்றேன். பாதி தூரத்தில் பின்சில்லு ஒன்று சுரியில் சறுக்கியது. ஒரு சில்லு பிடிப்பிழந்தால் அது மட்டுமே சும்மா சுழலும், அதன் சோடிச் சில்லு அசையாது நிற்கும். இது சாதாரண வண்டிகளின் இயல்பு. நண்பர் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, பக்கத்தில் எதிலோ ஏற்றி, ஒருவாறு வெளியே எடுத்தார். இருவரும் சிரித்தோம். ஏறியது எதில் என்று இறங்கிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை என் வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டு பாடவேளை கழித்து வந்தான். வழக்கம்போல் வாசலில் நிறுத்தி வைத்துக் காரணம் கேட்டேன்.

“ஜீப்பொண்டு எங்கட வரம்ப ஒடச்சிட்டுப் பெய்த்து சேர். வயல்ல தண்ணி முழுக்க வடிஞ்சிட்டு. ராவைக்கு வாப்பாவோட நிண்டு கட்டினன், அதான் சேர்.”

அவன் கால்விரல்களுக்கிடையே சேறு இன்னும் காயாமல் இருந்தது. “போய் இரு” என்று மட்டும் சொன்னேன். அன்று நான் நடத்திய பாடம் என்னவென்று எனக்கு நினைவில்லை.

மாலையில் நண்பரையும் அழைத்துக்கொண்டு அந்தத் தகப்பனிடம் போனேன். நண்பர் காசை நீட்டினார். அவர் வாங்கவில்லை, கோபப்படவுமில்லை. “வரம்பு கட்டியாச்சி சேர். தண்ணியும் திரும்பப் பாய்ச்சலாம். மூணு நாளைக்கு முந்திப் போட்ட யூரியாவ எங்க போய்ப் பிடிக்கிற?” என்றார். 2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்த காலத்திலிருந்து ஓர் உரமூடை ஒரு விவசாயிக்கு என்னவாக இருக்கிறது என்பதை விளக்கத் தேவையில்லை. “இது பாதையில்லாத இடமெண்டு நினைச்சிட்டோம்” என்றார் நண்பர் மெதுவாக. அந்த மனிதர் அதிசயமாகப் பார்த்தார். “பாதையில்லையா? எங்கட வாப்பாட காலத்திலருந்து நாங்க நடக்கிற பாதைதானே இது!”

அன்றிரவு லொக்கின் வாதத்தை மீண்டும் எண்ணிப் பார்த்தேன். நண்பர் ஜீப்பில் உழைப்பைக் கலந்தார், ஆகவே ஜீப் அவருடையது. நன்று. வரம்பில் உழைப்பைக் கலந்தவர் யார்? ஒவ்வொரு போகமும் மண்வெட்டியால் அணைத்து, மிதித்து, புல் செதுக்கி உயர்த்திய வரம்பு அது. நண்பர் இரண்டு வருடம் உழைத்தார், அந்தக் குடும்பம் இரண்டு தலைமுறை உழைத்தது. உழைப்பே உரிமையைத் தருமெனில், எங்கள் சில்லு ஏறியது நண்பரின் வாதத்தின் மீதுதான். லொக் இன்னொரு நிபந்தனையும் வைத்திருந்தார்: நீ எடுத்துக்கொண்ட பிறகும் பிறருக்குப் போதியதும் நல்லதும் எஞ்ச வேண்டும். உரிமையைப் பேசும்போது முதற்பாதியை நினைவில் வைத்து, இரண்டாம் பாதியை மறப்பது நம் எல்லோருக்கும் வசதியாகிவிட்டது.

2022 இல் எரிபொருள் வரிசைகளில் இந்த இரண்டாம் பாதியை நாடே பாடமாகப் படித்தது. கியூஆர் முறை தொடங்கியபோது வாரத்துக்கு ஒரு காருக்கு 20 லீற்றர், ஒரு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். ஒருவர் எரிக்கும் லீற்றர் இன்னொருவருக்கு இல்லாத லீற்றர் என்பது அன்று கண்முன்னே தெரிந்தது. வரிசை மறைந்ததும் அந்த உண்மை மறைந்துவிடவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. அவ்வளவுதான்.

‘பாதையில்லாத இடம்’ என்பது வண்டியில் இருப்பவனின் சொல். அந்த இடத்தில் வாழ்பவைக்கு அது வீடு. நம் கரைகளில் ஐந்து வகைக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. மணலில் சில்லு விட்டுச்செல்லும் பள்ளம் நமக்கு ஒரு கோடு. அப்போதுதான் பொரித்துக் கடலைத் தேடும் குஞ்சுக்கு அது ஏற முடியாத சுவர். யாலவின் முதலாம் பிரிவு ஏறத்தாழ 141 சதுர கிலோமீற்றர்தான். ஒரு சிறுத்தையைக் கண்டதும் அங்கே ஜீப்புகள் முண்டியடிப்பதைப் பார்த்தவர்களுக்கு, யார் யாருடைய பாதையை மறித்து நிற்கிறார்கள் என்ற கேள்வி எழாமல் இருக்காது.

அப்படியாயின் ஜீப்பை விற்றுவிட வேண்டுமா? அதுவும் சோம்பேறித்தனமான விடை. அமெரிக்க வனச்சேவை 1985 இல் இத்தகைய ஓட்டிகளுக்காகவே, மெல்ல மிதித்துச் செல்லுங்கள் என்ற கருத்தில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. இருக்கும் தடத்தை விட்டு விலகாதே என்பது அதன் சாரம். புதைந்த வண்டியை மரத்தில் கட்டி இழுக்கும்போது இரும்புக் கம்பியை நேரே சுற்றாமல் அகலமான பட்டியைச் சுற்றுவதும் நல்ல ஓட்டிகளின் வழக்கம். கம்பி மரப்பட்டையை அறுத்துவிடும். ஒரு மரத்தின் தோலை எண்ணிப்பார்க்கும் இந்தப் பழக்கத்தில் ஓர் அறநூலே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

மாற்றங்களையும் இப்படித்தான் பிரிக்க வேண்டும். துருவை வெட்டி இரும்பு ஒட்டுவது வண்டிக்குச் செய்யும் நன்மை. முன்னால் பொருத்தும் முரட்டு இரும்புக் காப்போ ஓட்டுநரின் விளக்கைக் காக்கிறது, ஆனால் மோதுண்டால் பாதசாரியின் எலும்பு கூடுதலாக நொறுங்கும். இதனாலேயே ஐரோப்பிய ஒன்றியம் 2005 இல் இவற்றுக்குக் கட்டுப்பாடு விதித்தது. இந்தியா 2017 இறுதியில் இவற்றுக்கு எதிராக உத்தரவு பிறப்பித்தது. ஒரு மாற்றத்தின் மகிழ்ச்சி ஒருவனுக்கும் அதன் விலை இன்னொருவனுக்கும் போகுமாயின், அது வீண்விரயத்தைவிடப் பெரிய பிழை. வீண்விரயக்காரன் தன்னுடையதை அழிக்கிறான், இவன் அடுத்தவனுடையதை அழிக்கிறான். ஊரார் ஜீப்பைப் பார்த்துச் சொன்ன குற்றம் தவறானது. சொல்லவேண்டிய குற்றம் வேறு. அதில் பக்கத்து ஆசனத்தில் இருந்து “பார்ப்பம்” என்றவனுக்கும் பங்குண்டு.

உர நட்டத்துக்குப் பதிலாக நண்பர் அறுவடைக் காலத்தில் நெல்மூடைகளை ஜீப்பில் ஏற்றிக் கொடுத்தார். அந்தத் தகப்பன் அதை மறுக்கவில்லை. அறுவடை முடியும்வரை வட்டைக்குள் வேறு எதற்கும் போவதில்லை என்று நண்பர் தானாகவே முடிவு செய்தார். இப்போது வண்டியின் பின்னால் மண்வெட்டியொன்று எப்போதும் கிடக்கிறது. இறங்கிப் பார்க்கும் பழக்கமும் வந்திருக்கிறது.

மாணவனிடம் உண்மையைச் சொல்ல எனக்கு நான்கு நாட்கள் பிடித்தன. வகுப்பு கலைந்த பின் அவனைக் கூப்பிட்டு, அந்த ஜீப்பில் நானும் இருந்தேன் என்றேன். அவன் நிலத்தைப் பார்த்தான். தனக்கு அது முன்னமே தெரியும் என்றான். வாசலில் நிறுத்தி நான் காரணம் கேட்டபோதும் தெரிந்திருக்கிறது! நான் மன்னிப்புக் கேட்பதற்குச் சொல் தேடிக்கொண்டிருக்கையில் அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்:

“அந்த ஜீப்புல நானும் ஒருக்கா ஏறலாமா சேர்?”

அவனுக்குள்ளும் அந்த ஆசை இருக்கிறது. ஆசையைப் பிழையென்று அவனுக்கு நான் கற்பிக்கப் போவதில்லை. சில்லு எதன்மேல் ஏறியது என்று இறங்கிப் பார்க்கக் கற்பிக்க வேண்டும். அதை முதலில் கற்க வேண்டியிருந்தவன், அவனை வாசலில் நிறுத்தி வைத்தவன்தான்.