மருந்தும் மயக்கமும்

உடல் நோயுற்றால் மருத்துவரை நாடுகிறோம். உள்ளம் நோயுற்றவரையோ, "மனத்தைத் திடப்படுத்திக்கொள், செபம் செய், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். உணவு கசந்து, உறக்கம் தொலைந்து, உயிரோடிருப்பதே சுமையாகிப்போன ஒருவருக்கு இவ்வறிவுரை ஆறுதலன்று, மற்றுமொரு குற்றச்சாட்டே. இத்தகையோருள் சிலர் வழக்கமான மருந்துகள் பலவற்றை உட்கொண்டும் குணம் காணாதவர்கள். அவர்களுக்கு, மயக்கம் தரும் காளானின் சத்தை மருந்தாக அளிக்கலாமா? சட்டம் அதற்கு இடந்தர வேண்டுமா? பல நாடுகளில் எழுந்துள்ள இவ்வினாவை அருவருப்பும் ஆர்வக்கோளாறும் இன்றி ஆராய்வது நம் கடமை.

சைலோசைபின் என்பது சிலவகைக் காளான்களில் இயற்கையாகவே அமைந்துள்ள பொருள். சுவிட்சர்லாந்து வேதியியலறிஞர் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1958இல் அதைப் பிரித்தெடுத்தார். 1971ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை அதை மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்குரிய பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும் அதைக் கட்டுப்படுத்துகிறது. கொடைக்கானலில் போதைக் காளான் விற்போர் கைதாவதைச் செய்தித்தாள்களில் படித்திருக்கிறோம். அமெரிக்காவின் ஓரிகன் மாநில மக்களோ 2020இல் வாக்கெடுப்பின் வழியாக அதன் பயன்பாட்டுக்கு இசைவளித்தனர். 2022இல் கொலராடோ மாநிலம் பின்தொடர்ந்தது. ஆஸ்திரேலியா 2023 சூலை முதல் நாள் தொட்டு, பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு நோய்க்கு, அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும் அதை வழங்கலாம் என விதித்தது.

திருச்சபையின் மரபு இங்கே நமக்கு ஒளி தருகிறது. வலி தணிக்கும் மருந்து உணர்வை மங்கச் செய்யினும், வேறு வழியில்லாதபோது தக்க காரணத்தோடு அதைப் பயன்படுத்தலாம் எனத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இல் மருத்துவர்களுக்குத் தெளிவுறுத்தினார். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், போதைப்பொருள் பயன்பாட்டைக் கடுமையாகக் கண்டித்தாலும், உண்மையான மருத்துவத் தேவைக்கு விலக்களிக்கிறது. எனவே பொருள் தன்னிலே தீயதன்று. மார்ஃபின் புற்றுநோயாளியின் படுக்கையருகே இரக்கத்தின் கருவி. தெருமுனையில் அழிவின் கருவி. நோக்கமும் அளவும் அளிப்பவரின் பொறுப்புமே வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

அறிவியல் சொல்வதென்ன? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மரண பயத்தாலும் சோர்வாலும் வருந்திய 51 புற்றுநோயாளிகளுள் பெரும்பாலோர் ஆறு மாதங்களுக்குப் பின்னும் ஆறுதல் பெற்றிருந்தனர். 2022இல் வெளியான மற்றோர் ஆய்வில் 233 பேர் பங்கேற்றனர். 25 மில்லிகிராம் ஒரே முறை பெற்றவர்களிடம் மூன்று வாரங்களில் நன்மை தெரிந்தது. ஆயினும் பலரிடம் அது நிலைக்கவில்லை; சிலரிடம் தற்கொலை எண்ணமும் காணப்பட்டது. நம்பிக்கைக்கு இடமுண்டு, அவசரத்துக்கு இடமில்லை.

இதனினும் ஆழமான கேள்வி ஒன்று உண்டு. இக்காளானை உட்கொண்டோர் பலர் இறைவனைக் கண்டதுபோல் உணர்ந்ததாகக் கூறுகின்றனர். 1962ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று, பாஸ்டன் நகரின் மார்ஷ் சிற்றாலயத்தில், இறையியல் மாணவர் இருபதின்மரைக் கொண்டு வால்டர் பாங்கே என்பவர் ஓர் ஆய்வு நடத்தினார். சைலோசைபின் பெற்ற பத்துப் பேருள் பெரும்பாலோர் ஆழ்ந்த சமய அனுபவம் பெற்றதாகச் சொன்னார்கள். ஆனால் மாணவர் ஒருவர் கடுங்கலக்கமுற்றதும், அவரை அமைதிப்படுத்த ஊசி போட நேர்ந்ததும் பாங்கேயின் ஆய்வேட்டில் இடம்பெறவில்லை. 1991இல் வெளியான மறு ஆய்வே அதை வெளிக்கொணர்ந்தது. பேரின்பம் கண்ட மாணவர்களை உலகம் அறிந்தது. அஞ்சி நடுங்கிய ஒருவரையோ ஏறத்தாழ முப்பதாண்டுகள் அறியவில்லை. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிய ஆயரின் சீடர்களாகிய நாம், அந்த ஒருவரைப் பற்றியே முதலில் கேட்க வேண்டாமா?

அருள் என்பது கொடை; அளவிட்டு விழுங்கக் கூடியதன்று. இறைவன் எவ்வழியிலும் ஒருவரைத் தொடக்கூடும் என்பதை மறுக்க நாம் யார்? எனினும் அனுபவத்தின் இனிமை அதன் உண்மைக்குச் சான்றாகாது. காட்சிகள் பல கண்ட அவிலா நகர்ப் புனித தெரேசாவே, அவை பிறரன்பில் விளைவிக்கும் கனியைக் கொண்டே அவற்றை மதிப்பிடச் சொன்னார்.

மெக்சிகோவின் வாவுட்லா மலையூரில் மரியா சபீனா என்ற மூதாட்டி வாழ்ந்தார். மசாத்தேக் பழங்குடியினர், கத்தோலிக்கர். காளானை உண்டு, இரவு முழுவதும் நோயாளியின் அருகிலிருந்து செபித்துக் குணமாக்க முயல்வது அவர் வழக்கம். 1955இல் அங்கு வந்த கார்டன் வாஸ்ஸன் என்ற அமெரிக்கர், 1957இல் 'லைஃப்' இதழில் அதைப்பற்றி எழுதினார். விளைவு, அயல்நாட்டார் திரளாக வந்து குவிந்தனர். மூதாட்டியின் வீடு எரிக்கப்பட்டது. 1985இல் அவர் வறுமையிலேயே மறைந்தார். நோயாளியைக் குணமாக்கவன்றி, கடவுளைத் தேடவென்று தம் ஊரார் காளானை உண்டதில்லை என்று அவர் வருந்திச் சொன்னார். நம் இறையியலாளர்களும் எண்ணிப்பார்க்க வேண்டிய சொல் அது.

ஓரிகன் முறையில் நோய் கண்டறியப்பட வேண்டும் என்ற விதி இல்லை. மருத்துவரின் சீட்டும் தேவையில்லை. இருபத்தொரு வயது நிரம்பினால் போதும். கட்டணமோ பல மையங்களில் ஆயிரம் டாலரைத் தாண்டியது. அங்கே நோயாளி நுகர்வோராகிறார். ஏழை நோயாளியோ வாயிலிலேயே நின்றுவிடுகிறார். ஆகவே, ஆய்வின் துணையோடும் மருத்துவரின் பொறுப்போடும், வேறு வழி அடைபட்டவர்க்கு மருந்தாக இதை அனுமதிப்பது அறநெறிக்கு முரணாகாது. சந்தைப் பொருளாகத் திறந்துவிடுவதை ஏற்பதற்கில்லை.

சட்டம் எப்படி அமைந்தாலும் நமக்கொரு பணி எஞ்சியிருக்கிறது. இம்மருத்துவத்தில் மருந்து வேலை செய்யும் ஐந்தாறு மணி நேரமும் ஒருவர் நோயாளியின் அருகே அமர்ந்திருக்கிறார். அவ்வாறு அமர்ந்திருக்க எந்த அரசின் அனுமதியும் நமக்குத் தேவையில்லை. நம் பங்கில், நம் தெருவில், கதவை அடைத்துக்கொண்டு கிடக்கும் சகோதரரிடம், அறிவுரையை வாயிலுக்கு வெளியே விட்டுவிட்டு, இவ்வாரமே ஒருமுறை போய் அமர்வோமாக.