ஆலிவ் காயளவு கசப்பு

நள்ளிரவில் ஏரிக்கரை மரக்குடில்களில் உறங்கும் பிள்ளைகள் தட்டி எழுப்பப்படுகிறார்கள். விளக்கு கூடாது, பேச்சு கூடாது, ஆளுக்கு ஒரு துணிமூட்டை. பகலில் அவர்கள் அமெரிக்க நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகள். இப்போது, ஐரோப்பாவில் உயிர் தப்பி, அனுமதிச் சீட்டில்லாமல் பாலஸ்தீனத்தில் கரையேற வரும் அகதிகள். காட்டுப் பாதையில் டார்ச் அடித்துக்கொண்டு திரிகிறவர்கள் பிரிட்டிஷ் சிப்பாய்கள். பிடிபட்டால் கயிறு கட்டிய வளைப்புக்குள் உட்கார வேண்டும். தப்பியவர்களுக்கு மறுகரையில் தீ மூட்டியிருக்கும். பாட்டும் ஆட்டமும் காத்திருக்கும். சிப்பாய்களாக வருகிறவர்கள் இதே பிள்ளைகளுக்குக் காலையில் நீச்சல் கற்றுக்கொடுக்கும் பதினெட்டு, இருபது வயது மேற்பார்வையாளர்கள்.

அமெரிக்க யூத இளைஞர் கோடை முகாம்களில், முக்கியமாக ஸியோனிசச் சார்புள்ளவற்றில், சிறுசிறு மாறுதல்களோடு தலைமுறைகளாக ஆடப்பட்டுவரும் விளையாட்டு இது. 1934 முதல் 1948 வரை நடந்த கள்ளக் குடியேற்றத்தின் பெயரையே இதற்கும் வைத்திருக்கிறார்கள்: அலியா பெத். 1939-ல் பிரிட்டிஷ் அரசு ஐந்தாண்டுகளுக்கு 75,000 பேர் என்று வரம்பு கட்டியதும், 1947-ல் 'எக்ஸோடஸ்' கப்பலில் வந்த நாலாயிரத்து ஐந்நூறு பேரை மறுபடி ஜெர்மனிக்கே கொண்டுபோய் இறக்கியதும் விளையாட்டின் பின்னணி. இந்த முகாம்களுக்கு நான் போனதில்லை. படித்து அறிந்ததை வைத்துத்தான் பேசுகிறேன். ஆனாலும் இங்கு எழும் கேள்வி முகாமுக்குப் போனவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று தோன்றுவதால் எழுதுகிறேன். பிறருடைய துன்பத்தைப் பாவனை மூலம் ஒரு குழந்தைக்குக் கடத்த முடியுமா? கடத்த முயலும்போது கடத்தப்படுவது எது?

முகாம்களின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நகர நெரிசலில் வாழ்ந்த குடியேறிகளின் குழந்தைகளுக்குக் கொஞ்சம் காற்றும் வெயிலும் தரத் தோன்றியவை அவை. 1945-க்குப் பிறகு சுமை வேறாகிவிட்டது. ஐரோப்பிய யூத வாழ்க்கை அழிந்துபோக, அதன் மொழிக்கும் வழக்கத்துக்கும் நினைவுக்கும் வாரிசுகள் அமெரிக்கப் புறநகரில் ஐஸ்கிரீம் தின்று வளரும் பிள்ளைகள்தான் என்றாயிற்று. சில வாரக் கோடையில் அவர்களை யூதர்களாக்கிவிட வேண்டும். 1947-ல் விஸ்கான்ஸினில் தொடங்கிய ராமா முகாம் ஹீப்ருவையும் வழிபாட்டையும் நம்பியது. அழிவிலிருந்து மீண்ட பண்ட் இயக்கத்தவர் 1959-ல் நிறுவிய ஹெம்ஷெக் - 'தொடர்ச்சி' என்று பொருள் - யிட்டிஷ் மொழியை நம்பியது. அங்கு ஆண்டுக்கொரு முறை 'கெட்டோ நாள்' அனுஷ்டிக்கப்பட்டது. சித்தாந்தங்கள் ஒன்றையொன்று மறுப்பவை. ஸாண்ட்ரா ஃபாக்ஸ் இந்த முகாம்களைப் பற்றி 2023-ல் வெளியிட்ட ஆய்வு நூலைப் படித்தால், முறையில் மட்டும் எல்லோரும் ஒன்றுபட்டிருந்தது தெரிகிறது: சொல்லிக்கொடுக்காதே, வாழ வை. முதல் உலகப் போருக்கு முன் வியன்னாவின் பூங்காக்களில் குழந்தைகளைக் கூட்டிக் கதை நடிக்கவைத்து, 1925-ல் அமெரிக்கா வந்து நாடகத்தை மனச்சிகிச்சையாக்கிய யாக்கோப் மொரேனோவின் காற்றும் அக்காலத்தில் வீசிக்கொண்டிருந்தது.

இதை வெறும் கல்வி நாகரிகம் என்று ஒதுக்கிவிட முடியாது. வேர் மிகப் பழசு. பாஸ்கா இரவில் குடும்பம் கூடி வாசிக்கும் ஹகாதா, எந்தத் தலைமுறையில் பிறந்தவனும் தானே எகிப்திலிருந்து வெளியேறி வந்தவன் போலத் தன்னைக் காண வேண்டும் என்று விதிக்கிறது. இந்த 'போல'தான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

ஏனென்றால் பாவனை கப்பலோடு நிற்கவில்லை. கெட்டோவும் நாஜிச் சோதனையும்கூட நடிக்கப்பட்டன. சட்டையில் மஞ்சள் நட்சத்திரம், வரிசை, பெயர் கூப்பிடுதல், ஒரு குடிலின் நண்பர்களை இரண்டாகப் பிரித்து நிறுத்துதல். 1976-ல் டென்வரிலிருந்து யூதக் கல்வியாளர்களே தயாரித்து வெளியிட்ட வகுப்பறை விளையாட்டு ஒன்றின் பெயர் 'கெஸ்டப்போ'. இதையெல்லாம் செய்தவர்கள் குரூரர்கள் அல்லர். மறதியைக் கண்டு அஞ்சியவர்கள். இன்று வாஷிங்டனிலுள்ள ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம் ஆசிரியர்களுக்குத் தரும் நெறிமுறையில், எவ்வளவு கவனம் எடுத்தாலும் இத்தகைய நடிப்பு வேண்டாம் என்கிறது. நடித்த மாணவன் அந்தத் துன்பம் இன்னதென்று தனக்குத் தெரிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வான் என்பது காரணம்.

சரியான காரணம்தான், ஆனால் பாதிதான். அங்கே ஒன்றும் கடத்தப்படவில்லை என்று மட்டுமே அது சொல்கிறது. கடத்தப்படும் வேறொன்றைப் பற்றிச் சொல்லவில்லை.

பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி அந்த வரிசையில் நின்று அழுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அழுகை பொய்யல்ல. ஆனால் காலையில் மணி அடிக்கும், தட்டில் ரொட்டியும் முட்டையும் வரும் என்பது அவள் மனசின் ஏதோ ஒரு மூலைக்குத் தெரியும். அவளுடைய பயம் 'போல' என்ற சொல்லுக்கு உட்பட்டது. சீருடை மாட்டிக்கொண்டு 'நில்' என்று கத்துகிறானே ஓர் இளைஞன், அவன் ஸ்திதி என்ன? அவன் கத்தியதும் நாற்பது பிள்ளைகள் நிஜமாகவே நிற்கிறார்கள். நேற்றும் அவன் சொல்லைக் கேட்டார்கள், நாளையும் கேட்பார்கள். வலியை நடிக்கலாம். கீழ்ப்படிதலை நடிக்க முடியாது. கீழ்ப்படிவதாக நடிப்பவன் கீழ்ப்படிந்தே விடுகிறான். ஆக, பாதிக்கப்பட்டவனின் அனுபவத்தைத் தருவதற்காகக் கட்டிய அரங்கில், கலப்படமில்லாத அனுபவம் கிடைப்பது காவலனுக்கு.

ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒப்பவில்லை. "அந்த இளைஞனும் தனக்குள் ஒரு காவலன் இருக்கிறான் என்று கற்கிறானே, அது சின்னப் பாடமா?" என்றார். சின்னப் பாடமல்ல. கற்கிறானா என்பதுதான் சந்தேகம். 1971-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைக் கைதிகளும் காவலர்களுமாகப் பிரித்து, இரண்டு வாரம் என்று திட்டமிட்டு ஆறே நாளில் நிறுத்திய பரிசோதனையை நண்பர் சாட்சிக்கு அழைத்தார். சீருடையே மனிதனை மிருகமாக்கும் என்பதற்கு வெகுகாலம் அது நிரூபணமாகக் காட்டப்பட்டது. பிற்பாடு வெளிவந்த ஒலிப்பதிவுகளில், காவலர்களிடம் இன்னும் கடுமையாக இருக்கும்படி ஆராய்ச்சிக் குழுவினர் வற்புறுத்துவது கேட்கிறது. நல்ல நோக்கத்துக்காக, விஞ்ஞானத்துக்காக, கொஞ்சம் கடுமையாக இரு. முகாமிலும் இதே வாக்கியம்தான், விஞ்ஞானத்தின் இடத்தில் பிள்ளைகளின் நன்மை. அந்த இளைஞன் பழகிக்கொள்வது இந்த வாக்கியத்துக்குத் தலையாட்டுவதை. 1968-ல் அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதற்கு மறுநாள், ஜேன் எலியட் என்ற ஆசிரியை கண்ணின் நிறத்தை வைத்து வகுப்பை உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்று பிரித்தார். உயர்ந்தவர்கள் அன்றே கொடுமைக்காரர்களானார்கள். ஆனால் அவர் அடுத்து நிலையைத் தலைகீழாக்கினார். ஒவ்வொரு குழந்தையும் இரண்டு பக்கமும் நின்றது. அதையும் நான் முழுதாக ஏற்கவில்லை, இருந்தாலும் அதில் ஒரு நியாயக் கணக்கு இருந்தது. முகாமில் அகதி எப்போதும் அகதி, சிப்பாய் எப்போதும் பெரியவன்.

ஹகாதாவின் 'போல' இப்படி இயங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கசப்புக் கீரையைத் தின்றாக வேண்டும், ஆனால் ஆலிவ் காயளவு போதும் என்று சட்டம் அளவு வகுத்திருக்கிறது. அந்தக் கசப்பையும் பழமும் கொட்டைப் பருப்பும் அரைத்த இனிப்பில் தொட்டுத்தான் தின்கிறார்கள். எகிப்தியர் மேல் விழுந்த பத்து வாதைகளைச் சொல்லும்போது வாதைக்கு ஒரு துளியாகக் கிண்ணத்து மதுவைக் குறைத்துக்கொள்கிறார்கள். பகைவனின் துன்பத்தால் நம் சந்தோஷமும் குறைய வேண்டும் என்று அதற்கு ஒரு விளக்கம் உண்டு. அந்த இரவில் யாரும் ஃபாரோவாக வேஷம் கட்டி அடிப்பது சடங்கின் தேவையல்ல. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அங்கு குழந்தைக்குத் தரப்பட்டிருக்கும் பாத்திரம். அது அடிமை அல்ல. இந்த இரவு ஏன் வேறாக இருக்கிறது என்று கேட்பவன். இருப்பவர்களில் இளையவன் கேட்க, பெரியவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள். பழைய ரபிகளுக்குப் பாவனையின் ஆபத்து தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். இல்லாவிட்டால் கசப்புக்கு அளவு வைத்திருக்க மாட்டார்கள்.

கப்பல் விளையாட்டை நான் கெட்டோ நடிப்போடு சேர்த்து வைக்கமாட்டேன். அங்கே பிள்ளைக்குச் செய்ய ஏதோ இருக்கிறது: பதுங்கலாம், சிப்பாயைத் திசை திருப்பலாம், சின்னவனைக் கைப்பிடித்து இழுத்துப் போகலாம். சிறிய அளவில் என்றாலும் அந்தத் தைரியம் நிஜம். குறை வேறிடத்தில். விளையாட்டில் இரண்டே கட்சிகள், அகதி, சிப்பாய். மறுகரை தீ மூட்டத் தோதான காலி இடம். ஆனால் அந்தக் கரையில் ஏற்கனவே அரபு மக்கள் வாழ்ந்திருந்தார்கள். 1948 போரையொட்டி அவர்களில் சுமார் ஏழு லட்சம் பேர் அகதிகளானார்கள். ஒரு குழந்தை இரவெல்லாம் ஓடி, உடம்பால் கற்ற புவியியலில் அவர்கள் இல்லை. புத்தகத்தில் விடுபட்டதைப் பிற்பாடு இன்னொரு புத்தகம் சேர்த்துவிடும். உடம்பு கற்றதில் விடுபட்டதைச் சேர்ப்பது அவ்வளவு சுலபமா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் யானுஷ் கோர்ச்சாக் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. வார்ஸாவின் ஏழை யூதச் சிறுவர்களுக்கான கோடை முகாமில் 1904-ல் மேற்பார்வையாளராக இருந்த மருத்துவர் அவர். அந்தச் சிறுவர்களைப் பற்றி 1910-ல் ஒரு புத்தகமும் எழுதினார். பிறகு நடத்திய அநாதை இல்லத்தில் குழந்தைகளே நீதிபதிகளாக அமரும் நீதிமன்றம் வைத்தார். ஊழியர்கள் மீதும் வழக்குப் போடலாம், அவரே குற்றவாளியாக நின்றிருக்கிறார். அதிகாரம் உண்மையிலேயே கைமாறும் ஏற்பாடு. 1942 ஜூலை 18 அன்று, வார்ஸா கெட்டோவுக்குள், பட்டினிக்கு நடுவில், அந்தக் குழந்தைகள் ஒரு நாடகம் போட்டார்கள். தாகூரின் 'தபால் நிலையம்'. நோயில் கிடக்கும் சிறுவன் ஜன்னலருகே இருந்தபடி, போவோர் வருவோரோடு பேசிக்கொண்டு, ராஜாவின் கடிதத்துக்குக் காத்திருக்கும் கதை. நான்கு நாள் கழித்து வெளியேற்றம் தொடங்கியது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஏறக்குறைய 200 குழந்தைகளும் கோர்ச்சாக்கும் டிரெப்ளிங்காவுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். கெட்டோவில் இருந்த குழந்தைகளுக்குக் கெட்டோவை நடிக்கத் தரவில்லை அவர். தூரத்து வங்காளத்து ஜன்னல் ஒன்றைக் கொடுத்தார்.

முகாம்களில் இந்த நடிப்புகள் முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து பேசும் வழக்கம் உண்டு. உனக்கு எப்படி இருந்தது என்று பிள்ளைகளைக் கேட்கிறார்கள். பிள்ளைகளும் பயமாக இருந்தது, கோபம் வந்தது என்று எதிர்பார்த்த விடையைத் தருகிறார்கள். இந்த விளையாட்டுகள் நின்றுவிடப் போவதில்லை. அந்த வட்டத்தையாவது திருப்பிப் போடலாம். சீருடையைக் கழற்றாமலே அந்த இளைஞன் நடுவில் உட்காரட்டும். இருப்பவர்களில் இளையவள் முதலில் கேட்கட்டும்: நாங்கள் நின்றபோது உனக்கு எப்படி இருந்தது?