எடைக்கு உதவிய மணி, எடையில்லாக் காணிக்கை

குருவாயூர் கோயிலில் உருளி நிறைய மஞ்சாடிக்குரு வைத்திருப்பார்கள். பிள்ளைகள் இரு கையாலும் அள்ளி, கலகலவென்று மறுபடி அதிலேயே கொட்டுவார்கள். அள்ளியது அத்தனையும் உருளிக்கே திரும்பிவிடுகிறது. கோயிலுக்கு ஒரு மணிகூடக் கூடவில்லை. பிறகு இது என்ன வழிபாடு?

மஞ்சாடி மரம் தமிழ்நாட்டிலும் உண்டு. ஆனைக்குண்டுமணி என்றால் தெரியும். காய்ந்த நெற்று முறுக்கிக்கொண்டு வெடிக்கும். உள்ளே ரத்தச் சிவப்பில், இருபுறமும் லேசாக உப்பிய வழவழப்பான விதைகள். வருடக்கணக்காக டப்பாவில் கிடந்தாலும் நிறம் மங்காது. (கொடியில் காய்க்கும், கறுப்பு முகம் வைத்த குண்டுமணி வேறு, அது நஞ்சு.) பல்லாங்குழிக்கு உதவிய இந்த விதையின் பெயர் பொன் நிறுக்கும் அளவாகவும் இருந்தது. ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த நகைகளைக் கல்வெட்டுகள் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று இறங்கி இறங்கிக் கணக்கு வைக்கின்றன. 2 குன்றி 1 மஞ்சாடி, 20 மஞ்சாடி 1 கழஞ்சு. பொன் நிறுத்த கல்லுக்கு 'ஆடவல்லான்' என்று இறைவன் பெயரே இட்டிருந்தார்கள்.

உருளி வழிபாட்டுக்குச் சொல்லப்படும் குருவாயூர்க் கதையில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. கண்ணனுக்குக் கொடுக்க வேறெதுவும் இல்லாத ஏழைக் கிழவி, வழியெல்லாம் மஞ்சாடி பொறுக்கிக்கொண்டு வருகிறாள். அன்று அரசன் யானையைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுக்கும் நாள். சேவகர் தள்ளிவிட, மணிகள் சிதறுகின்றன. யானைக்கு மதம் பிடிக்கிறது. கிழவியை அழைத்து வந்த பிறகுதான் அடங்குகிறது. மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலார் பொருட்டு, பல்லவ மன்னனின் குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் சொன்ன சிவனும் இதே பக்கம்தான்.

அதற்காக யானை வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடவில்லை. காணிக்கையாக வந்த யானைகளுக்கென்றே புன்னத்தூர்க் கோட்டை இருக்கிறது.

கிழவியின் காணிக்கை அவள் பட்ட பாடு என்று விளக்கிவிடலாம். உருளியில் கைவிடும் பிள்ளை என்ன பாடு பட்டது? இங்கே ராமாநுஜர் வழி உதவுகிறது. உயிரே இறைவனின் உடைமை என்கிறது அது. உடைமை எதைப் புதிதாகக் கொடுத்துவிட முடியும்? அவன் பொருளை அவன் முன்னால் அளைந்து விளையாடுவதே போதும் என்று கொண்டால், மணிகள் உருளிக்குத் திரும்புவது குறையில்லை. ஆனால் அதே கோயிலில் துலாபாரமும் நடக்கிறது. தராசில் உட்கார்ந்து எடைக்கு எடை வாழைப்பழமோ சர்க்கரையோ கொடுப்பவர்கள், உருளிப் பக்கமும் பிள்ளையைக் கூட்டிப்போகிறார்கள்.