சிப்பிச் சதையில் எவ்வளவு ஆர்செனிக்?

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிறது காத்திவாக்கம். வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பலை நீரில் கலந்து செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குக் கொண்டுபோகும் குழாய்கள் உடைந்து ஆற்றில் கொட்டிய விவகாரம், 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தீர்ப்பு வரை போனது. நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், ஈயம், காட்மியம், குரோமியம் எல்லாம் சிறு அளவில் உண்டு. தாழங்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் மீன் வாங்குகிறவர்களுக்கு இருப்பது ஒரே கேள்விதான்: இதைச் சாப்பிடலாமா?

தண்ணீரைச் சோதித்தால் போதாதா என்றால், போதாது. ஓதம் ஏறும்போது ஒரு நீர், வற்றும்போது வேறு நீர். பச்சை ஆளிச் சிப்பி அப்படியில்லை. பாறையையோ தூணையோ பிடித்தால் அங்கேயே வாழும். இரவும் பகலும் நீரை வடிகட்டித் தின்னும். வந்த உலோகத்தில் ஒரு பங்கைச் சதையில் சேர்த்துவைக்கும். அதனால்தான் 1975இல் அமெரிக்க வேதியியலாளர் எட்வர்ட் கோல்ட்பர்க், சிப்பிகளைக் கொண்டே உலகக் கடற்கரைகளைக் கண்காணிக்கலாம் என்றார்.

ஆய்வுக்கூடத்தில் முதலில் சிப்பியைச் சுத்தமான கடல்நீரில் விட்டு, குடலில் இருக்கும் சேற்றை வெளியேற்றவைப்பார்கள். இல்லையென்றால் சேற்றின் உலோகமும் சதையின் கணக்கில் ஏறிவிடும். எஃகுக் கத்தியே குரோமியத்தைத் தந்துவிடும் என்பதால் பீங்கான் கத்தியால் வெட்டுவார்கள். பிறகு உலர்த்திப் பொடித்து, மூடிய குடுவையில் நைட்ரிக் அமிலத்தோடு மைக்ரோவேவில் சூடாக்குவார்கள். மூடிய குடுவை அவசியம், இல்லையென்றால் பாதரசம் ஆவியாகி ஓடிவிடும். சதை கரைந்து தெளிந்த திரவமாகும்.

இதை அளக்கும் பழைய வழி அணு உட்கவர் நிறமாலையியல். 1955இல் ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் இதற்கு வழி வகுத்தார். ஈயத்துக்கு ஈய விளக்கு, காட்மியத்துக்குக் காட்மிய விளக்கு என்று மாற்றி மாற்றி அளக்க வேண்டும். இன்றைய ஐசிபி-எம்எஸ் கருவியோ, பல ஆயிரம் டிகிரி ஆர்கான் பிளாஸ்மாவில் திரவத்தைத் தூவி, அணுக்களை அயனிகளாக்கி, நிறைவாரியாகப் பிரித்து எண்ணிவிடும்.

கடலோர ஊருக்கென்றே ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. ஆர்செனிக்கின் நிறை எண் 75. கடல் உப்பிலிருந்து வரும் குளோரின் 35, பிளாஸ்மாவின் ஆர்கான் 40. இரண்டும் ஒட்டிக்கொண்டால் அதுவும் 75! இல்லாத ஆர்செனிக்கை இருப்பதாகக் கருவி எண்ணிவிடும். இடையில் ஹீலியம் நிரம்பிய அறை வைத்தால், அளவில் பெரிய அந்த ஜோடி அதிகமாக மோதி வேகம் இழந்து வடிகட்டப்படும். இதைச் செய்யாமல் வந்த ஆர்செனிக் அளவை நான் நம்பமாட்டேன்.

சரியாக எண்ணினாலும் விஷயம் முடியாது. நண்டு, சிப்பியில் இருக்கும் ஆர்செனிக்கில் பெரும்பகுதி வழக்கமாக ஆர்செனோபீட்டைன் போன்ற கரிமச் சேர்மங்கள். ஆர்செனோபீட்டைன் உடலுக்குள் போனாலும் அநேகமாக அப்படியே சிறுநீரில் வெளியேறிவிடும். புற்றுநோய் உண்டாக்குவது கனிம ஆர்செனிக். பாதரசத்தில் கதை தலைகீழ்: மீன் தசையில் பெரும்பாலும் இருப்பது மெத்தில் பாதரசம், ஜப்பானின் மினமாட்டாவில் மனிதர்களை முடக்கிய அதே வடிவம். ஆகவே மொத்த அளவு மட்டும் சொன்னால் ஆர்செனிக்கில் வீண் பயம் வரலாம். திரவ நிறச்சாரல் பிரிகையில் வடிவங்களைத் தனித்தனியாகப் பிரித்து அதே கருவிக்குள் அனுப்ப வேண்டும்.

எடையிலும் கவனம் வேண்டும். சிப்பிச் சதையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். உலர் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் ஈயம் என்றால், சமைக்கும் ஈர எடையில் அது 1 மில்லிகிராம்தான். ஐரோப்பிய ஒன்றியம் இரட்டை ஓட்டுச் சிப்பிகளுக்கு வைத்திருக்கும் ஈய வரம்பு ஈர எடையில் கிலோவுக்கு 1.5 மில்லிகிராம். இரண்டு எடைகளையும் குழப்பினால் வரம்புக்குள் இருப்பது மூன்று மடங்கு மீறியதாகத் தெரியும். ஒவ்வொரு சோதனையோடும், அளவு முன்கூட்டியே உறுதிசெய்யப்பட்ட சிப்பித் தூளையும் சேர்த்து அளக்க வேண்டும். அமெரிக்கத் தர நிறுவனமே அப்படியொரு தூளைத் தயாரித்துத் தந்திருக்கிறது. அதன் விடை சரியாக வந்தால்தான் எண்ணூர்ச் சிப்பியின் விடைக்கும் மதிப்பு.

முகத்துவாரத்துச் சிப்பி, நண்டு, மடவையை ஆண்டு முழுவதும் குறித்த இடைவெளியில் இப்படி அளந்து, எந்த எடை, எந்த வடிவம் என்ற விவரத்தோடு, தமிழில் எழுதி, ஒவ்வொரு குப்பத்தின் மீன் இறங்குமிடத்திலும் அரசு ஒட்ட வேண்டும்.