எண்ணெய் தடவிய தலை

விழுப்புரம் சந்திப்பில் இறங்கிக் கல்லூரிக்கு விரையும் மாணவியரின் கைகளிலும், திண்டிவனத்தில் விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்துக்காகக் காத்து நிற்கும் பெண்களின் கைகளிலும் இன்று கைப்பேசி இருக்கிறது. அதில் ஓடும் காட்சிகளும் பெரும்பாலும் ஒன்றே. 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் தன் ரீல்ஸ் காட்சிகளை இங்கே தொடங்கிற்று. தடையால் ஒரு வாயில் அடைபட்டதேயன்றி, தொலைதூர நகரங்களின் ஆடைக்கோலங்கள் நம் வீட்டுத் திண்ணைக்கு வருவது நிற்கவில்லை.

அக்கோலங்களுள் ஒன்றையொன்று மறுக்கும் இரண்டை மட்டும் இங்கே எண்ணிப் பார்ப்போம். ஒன்று ‘க்ளீன் கேர்ள்’ எனப்படுவது. 2022-ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவியது. கூந்தலுக்கு எண்ணெயோ பசையோ தடவிப் படிய வாரி முடிந்துகொள்வர். காதில் சிறு தங்க வளையம். முகத்தில் பூச்சு உண்டு, ஆனால் அது பூச்சென்றே தெரியலாகாது. வெண்மையிலோ சந்தன நிறத்திலோ எளிய உடை. மற்றொன்று, 2024 ஜனவரியில் இதற்கு எதிராகவே கிளம்பிய ‘மாப் வைஃப்’. அமெரிக்கப் படங்களில் வரும் குற்றக்கும்பல் தலைவனின் மனைவியைப் போன்ற தோற்றம் அது: உரோம மேலாடை, சிறுத்தைப் புள்ளித் துணி, அடர்ந்த கண்மை, கனத்த தங்கம், அலையவிட்ட கூந்தல்.

இவ்விரண்டையும் முன்வைத்து எது கிறிஸ்தவப் பெண்ணுக்கு ஏற்றது என்று கேட்டால், நம்மில் பலர் சற்றும் தயங்காமல் முதலாவதையே சுட்டுவோம். எளிமை நமக்குப் பழகிய புண்ணியம். எனினும் அந்தத் தயக்கமின்மைதான் நம்மை உறுத்துகிறது.

எண்ணெயையே எடுத்துக்கொள்வோம். நம் தாய்மார் தலைமுறை தலைமுறையாகத் தேங்காய் எண்ணெய் தடவிப் படிய வாரி, இரட்டைச் சடை பின்னித்தான் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர். அதே தலையோடு சென்னை விடுதிக்குப் போன பெண், ‘எண்ணெய் வழிகிறது, பட்டிக்காடு’ என்ற ஏளனத்தைக் கேட்டு, முதல் மாதத்திலேயே எண்ணெயைக் கைவிட்டாள். இன்று அதே எண்ணெய் புகழ்பெற்றோர் தலையில் ஏறியதும் தூய்மையின் இலக்கணமாகிவிட்டது. நம் பாட்டியர் செய்தது இதுதானே என்று வெளிநாடுகளில் வாழும் தெற்காசியப் பெண்கள் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். மேலும், ஒன்றும் செய்யாதவள் போலத் தோன்றுவதற்குத் தேவைப்படும் புட்டிகளின் விலையைக் கூட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த எளிமை எத்துணைச் செலவுள்ளது என்பது விளங்கும்.

ஆண்டுதோறும் திருநீற்றுப் புதனன்று வாசிக்கப்படும் நற்செய்திப் பகுதியிலும் எண்ணெய் வருகிறது. நோன்பிருப்பவர் முகத்தைக் கழுவித் தலையில் எண்ணெய் தடவிக்கொள்ளட்டும் என்கிறார் ஆண்டவர். நோன்பு பிறர் கண்ணில் படாதிருக்கவே அந்த எண்ணெய். (அதைக் கேட்ட சற்று நேரத்தில் நெற்றியில் சாம்பல் பூசி வெளியே வருகிறோம், அதைப் படமெடுத்துக் கைப்பேசியில் பகிர்வோரும் உண்டு.) எண்ணெயும் கழுவிய முகமும் அங்கே மறைப்பதற்கு, இங்கோ காட்டுவதற்கு. பொருள் ஒன்றே, நோக்கம் தலைகீழ்.

புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் ஆடை பற்றி ஆராயுமிடத்தில், மலைப்பொழிவுக்கு அகுஸ்தினார் எழுதிய விளக்கத்தை எடுத்தாளுகிறார். பகட்டில் மட்டுமன்று, அழுக்கிலும் துயரக் கோலத்திலும் வீண்பெருமை குடியிருக்கலாம். இறைபணி என்ற பெயரில் ஏமாற்றுவதால் இதுவே கூடுதல் ஆபத்தானது என்பது அதன் கருத்து. இதை வைத்து மற்றக் கோலத்தை நல்லதென்று சொல்லிவிட முடியாது. தங்கம் எந்த வழியில் வந்தது என்று கேளாமலே அதை வியப்பது அது. ஆயினும் தன்னை அலங்காரம் என்று ஒப்புக்கொள்ளும் அளவில் அதனிடம் ஒரு நேர்மை இருக்கிறது.

எளிமையைப் போற்றும்போது நாம் மறப்பது இன்னொன்று: வேண்டாம் என்று சொல்ல, முதலில் கிடைத்திருக்க வேண்டும். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்று 1859 ஜூலை 26 அன்று அரசர் அறிவித்தபோதும், உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் கூடாது என்ற தடை அதிலேயே இருந்தது. 1927 டிசம்பரில் மகாடில் கூடிய தலித் பெண்களிடம் அம்பேத்கர், சாதியை அடையாளம் காட்டும் நகைகளையும் உடுத்தும் முறையையும் விட்டு, மற்றப் பெண்களைப் போலச் சேலை உடுத்துமாறு கேட்டுக்கொண்டார். இம்மக்களிடம் போய் எளிமையின் சிறப்பைப் போதிப்பவர் யார்?

இக்கேள்வி புத்தகத்திலிருந்து நமக்கு வரவில்லை. திண்டிவனத்திற்கு அருகே ஓர் ஊரில் கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலிக்குச் சென்றிருந்தோம். சரிகை மின்னும் பச்சைப் பாவாடை, தோளைத் தொடும் ஜிமிக்கி, அடர்சிவப்பு உதட்டுச்சாயம் என்று ஓர் இளம்பெண் முன்வரிசையில் வந்து அமர்ந்தாள். “கோவிலுக்கு வந்தாளா, கல்யாண மண்டபத்துக்கா?” என்று அருகிலிருந்த அம்மாளிடம் மெல்லக் கேட்டோம். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள், காதில் விழுந்துவிட்டது.

அம்மாள் வெகுநேரம் பேசவில்லை. நற்கருணைக்கு எழும்போது சொன்னார்: “செய்யாறு பக்கம் செருப்புக் கம்பெனியில வேல செய்யுதுங்க. மொத சம்பளத்துல எடுத்த துணி. அது ஆயா காலத்துல ஊர்த்தெருவுல செருப்புப் போட்டு நடக்க விடமாட்டாங்க.”

புத்தாண்டுத் திருப்பலிக்கு அப்பெண் வந்திருந்தாள். சாம்பல் நிறச் சுடிதார், படிய வாரிய தலை, காதில் சிறு வளையம். எங்களருகே அமர்ந்திருந்த ஒருவர், “எவ்வளவு அடக்கமாக வந்திருக்கிறது பார்த்தீர்களா” என்று மெச்சினார். நாங்கள் திருப்பலிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.