பிராணவாயுவும் பக்குவமும்

பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியிலாகட்டும், கடலுக்கு அக்கரையில் செபராங் பிறையிலுள்ள ஆஸ்பத்திரிகளிலாகட்டும், மூச்சுத் திணறும் ஒருவரை அவசரப் பிரிவில் கொண்டுவந்து கிடத்தினால் கை முதலில் தேடிப் போவது பிராணவாயுக் குழாயையே. அதை மறுப்பது தர்மவிரோதம் என்பது பாமர ஜனங்களின் எண்ணம் மட்டுமன்று, அங்கே பயிலும் இளம் வைத்தியர்களின் முதற்பாடமும் ஏறக்குறைய அதுதான். இந்த முதற்பாடத்தைத் தலைகீழாக்கும் விஷம் ஒன்று உண்டு. 1962 முதல் கிராமக்சோன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்து, ரப்பர்த் தோட்டங்களிலும் பின்னர் செம்பனைத் தோட்டங்களிலும் களையைக் கருக்குவதற்காக நம்மவர் முதுகில் ஏறிய பாராகுவாட் என்பதே அது.

அந்த விஷம் உட்சென்றால், நுரையீரலானது உடலுக்கு வேண்டிய வேறொரு பொருள் என்று மயங்கி, அதை இரத்தத்திலிருந்து வலிய இழுத்துச் சேர்த்துக்கொள்ளுகிறது. சேர்ந்த விஷமோ, ஒரு வாசலில் கடன் வாங்கி அடுத்த வாசலில் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு மறுபடியும் முதல் வாசலுக்கே வந்து நிற்பவனைப் போல, உயிரணுவிடமிருந்து ஓர் எலக்ட்ரானை வாங்கிப் பிராணவாயுவிடம் கொடுப்பதும், மீண்டும் வாங்குவதுமாக ஓயாமல் சுற்றுகிறது. அப்படி எலக்ட்ரானைப் பெற்ற பிராணவாயு தன் சாந்த ஸ்வபாவத்தை இழந்து, தான் போஷிக்க வந்த உயிரணுக்களையே எரிக்கத் தொடங்குகிறது. காற்றை அதிகமாகக் கொடுத்தால் எரிவும் அதிகமாகும். ஆகையால், இரத்தத்தில் பிராணவாயு அபாயகரமான அளவுக்குக் குறைந்தாலன்றி அதைக் கொடுக்கலாகாது என்பதே இங்கு வைத்திய விதி.

நோயாளியின் சிறுநீரில் சிறிது காரத்தோடு டைதயோனைட் என்ற வெண்பொடியையும் இட்டால், விஷம் இருப்பின் கண்ணாடிக் குழாயில் நீலம் படரும். குழாயில் நீலம் ஏறிக்கொண்டிருக்கும் அதே வேளையில் அந்த மனிதர் கட்டிலில் சாய்ந்தபடி, புத்தி சற்றும் கலங்காமல், பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று விசாரித்துக்கொண்டிருப்பார். மூச்சு முட்டுவது பெரும்பாலும் சில நாள் கழித்தே. அப்போது, குவீன் தெரு மாரியம்மன் கோயில் விபூதியை அவர் நெற்றியில் இட்டுவிட்டு நிமிரும் தமக்கை, "டாக்டரையா, சுவத்துல காத்து இருக்குதே, அத வச்சா என்ன?" என்று கேட்டால், சொல்லப்படும் பதில் சாஸ்திரத்துக்குப் பொருந்தியதே ஆயினும், அந்தக் கைக்கு அது கொடுமையாகத்தான் படும்.

1774இல் இந்த வாயுவைப் பிரித்தெடுத்த பிரீஸ்ட்லி பாதிரியார், அதிலே மெழுகுவர்த்தி சீக்கிரம் எரிந்து தீர்வதைக் கண்டு, மனிதரும் அதைச் சுவாசித்தால் ஆயுளை விரைவில் எரித்துத் தீர்த்துவிடுவார்களோ என்று அப்போதே ஐயுற்றார். இதற்கு நேர்மாறான விந்தையும் அவசரப் பிரிவில் உண்டு. சில பூச்சிமருந்துகள் உட்சென்று நுரையீரலில் நீர் கோத்து மூச்சடைத்துக் கிடப்பவரை மீட்பது அட்ரோபின். சிவபெருமான் விரும்பிச் சூடுவதாக நாம் போற்றும் ஊமத்தையிலும் உள்ள விஷம் அது.

அமுதமும் விஷமும் பொருளில் இல்லையென்றால் வேறு எதில் இருக்கின்றன? நம் சித்தாந்திகள் இதற்குச் சூரியனைக் காட்டுவார்கள். ஒரே பொய்கையில், ஒரே வெயிலில், ஒரு தாமரை மலர்கிறது, ஒன்று முகையாகவே நிற்கிறது, ஒன்று வாடுகிறது. சூரியனுக்கு விருப்புவெறுப்பு இல்லை, பேதம் பூவின் பக்குவத்தில் என்பது அவர்கள் வாதம். பாராகுவாட் இந்த உவமையை உவமையாக விடாமல் பௌதிக உண்மையாகவே ஆக்கிவிட்டது. அந்த மருந்து பட்ட இலை இருட்டில் மெல்லத்தான் நலிகிறது, வெயில் ஏறினாலோ அன்றே கருகுகிறது. ஏனெனில் இலை வெயிலைக் கொண்டு உணவு சமைக்கும் அடுக்களையிலிருந்தே அது எலக்ட்ரானைத் திருடுகிறது. சித்தாந்திகளின் தத்துவம் இவ்வளவு தூரம் பிழையின்றி நிற்கிறது என்பதை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்ளுகிறேன்.

ஆனால் அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி, பிராணவாயுவைத் தாங்கமாட்டாத அந்த நுரையீரலின் அபக்குவம் அவரவர் முன்வினை என்று முடிப்பவர்களோடு எனக்குச் சம்மதமில்லை. அந்த இலை தானாகவா அபக்குவமாயிற்று? தெளித்தவர் கை ஒன்று இல்லையா? பெண்கள் தெளிப்பானை முதுகில் சுமந்து மருந்தடித்த தோட்டங்களை ஆராய்ந்து, பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் தெனாகானித்தா என்ற தொண்டு அமைப்பும் 2002இல் வெளியிட்ட அறிக்கை, மூக்கில் இரத்தம் வடிந்ததையும் நகங்கள் நிறம் மாறிக் கழன்று விழுந்ததையும் சொல்லுகிறது. குடித்தவர்களைப் பற்றியும் இதையே சொல்வேன். ஒரு கணத்துக் கோபத்தில் கைக்கெட்டியதை எடுத்து, மறுகணமே வருந்தியவரின் கைக்கெட்டும் தூரத்தில் அதை வைத்தது யார்? இலங்கையில் 1995இல் மிகக் கடுமையான பூச்சிமருந்துகள் தடுக்கப்பட்டபின், 2005க்குள் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. ஓர் அரசாங்க உத்தரவுக்குக் கட்டுப்படும் ஊழை ஊழ் என்று எப்படி அழைப்பது?

விஷமுறிவு ஆலோசனைக்காக நாடெங்கும் வைத்தியர்கள் தொலைபேசியில் அழைக்கும் தேசிய விஷ மையம் இதே தீவில், மிண்டனில், அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. ஆயினும் நுரையீரலில் தங்கிவிட்ட பாராகுவாட்டுக்கு நிச்சயமான மாற்றுமருந்து எந்த மையத்திலும் இன்றுவரை கிடையாது. ஆதலால் பரிகாரம் ஆஸ்பத்திரி வாசலுக்கு வெகு தொலைவில், மருந்துப் புட்டி கைக்கு வருவதற்கு முன்பே நடக்கவேண்டியதாயிற்று. மலேசிய அரசாங்கம் 2002இல் பாராகுவாட்டை விலக்க முடிவு செய்து, 2006இல் தளர்த்தி, 2020 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடைசெய்தது. அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் அதனால் மாண்டவர்களின் மரணத்தை, வினை என்ற தலைப்பில் தயவுசெய்து யாரும் எழுதவேண்டாம்.